மனசாரத்தான் சொன்னாரா?

நம் நாட்டில் நிலைப்பாட்டை மாற்றிக்கொள்வது ஒரு தொழில் என்றால், மாறியவர் மனசார மாறினாரா, மாறியதுபோல் நடிக்கிறாரா என்று சான்றிதழ் கொடுப்பது இன்னொரு தொழில். முதல் தொழிலில் இருப்பவர்களுக்குப் பதவி கிடைக்கிறது, கார் கிடைக்கிறது, சமயத்தில் மாலைகூடக் கிடைக்கிறது. இரண்டாவது தொழிலைச் சம்பளம் இல்லாமல், லீவு இல்லாமல், யாரும் கேட்காமலே செய்கிற பரோபகாரிகள்தான் நமது ஆராய்ச்சிக்கு உரிய இனம். ஊருக்கு ஒருவராவது இருப்பார். இல்லாத ஊர் என்று ஒன்று இருந்தால் எனக்குத் தெரியப்படுத்துங்கள், குடிபோகலாம்.

கடலாடிப் பக்கம் சிக்கல் என்கிற ஊருக்குக் கிழக்கே உள்ள கிராமத்தில் இந்த இனத்தின் பிரதிநிதி குருநாதன். மூன்று ஏக்கரில் குண்டு மிளகாய் போட்டிருக்கிறார். காலையில் மிளகாயை ஒரு நடை பார்த்துவிட்டு ஏழரைக்கு டீக்கடைக்கு வந்தால், போனில் முந்தின நாள் பேட்டி ஒன்று தயாராக இருக்கும். அதை உங்களையும் என்னையும்போல அவர் பார்ப்பதில்லை. முதலில் சத்தத்தோடு ஒரு தடவை, பிறகு சத்தத்தை அடைத்துவிட்டு ஒரு தடவை, பிறகு வேகத்தைப் பாதியாகக் குறைத்து ஒரு தடவை. பேசுகிறவர் எந்த இடத்தில் எச்சில் முழுங்குகிறார், எந்தச் சொல்லுக்குத் தோள் துண்டைச் சரிசெய்கிறார், 'உள்ளபடியே' என்று எத்தனை தரம் சொல்கிறார் என்றெல்லாம் பார்த்து முடிப்பதற்குள் டீ ஆறிவிடும். ஆறினால் என்ன? நாடு முக்கியமில்லையா?

ஒரு வழக்கைப் பாருங்கள். முன்னாள் ஒன்றியத் தலைவர் இருளாண்டி, கடலோரத்தில் இறால் பண்ணை கூடவே கூடாது என்று தேவிபட்டினத்தில் மூன்று நாள் உண்ணாவிரதம் இருந்தவர். போன மாதம் புதிதாக ஒரு இறால் பண்ணைக்கு ரிப்பன் வெட்டி, வளர்ச்சி வேண்டும் என்று பேட்டியும் கொடுத்தார்.

"மனசு மாறிட்டாருண்ணே," என்றார் தங்கப்பாண்டி. டிராக்டர் ஓட்டுகிறவர், குருநாதனின் தினசரி சிஷ்யர்.

"மனசு மாறலப்பா, வாய்தான் மாறியிருக்கு. இங்கன பாரு, வளர்ச்சிங்கிறப்ப கண்ணு எங்க போகுது?"

"மைக்குக்குப் போகுதுண்ணே."

"உண்மையப் பேசுறவன் ஆளப் பாத்துல்ல பேசுவான். மைக்க எதுக்குப் பாக்கணும்?"

தீர்ப்பு எழுதியாகிவிட்டது. ஆனால் அந்த இருளாண்டி மறு வாரமே குருநாதனின் கட்சியில் வந்து சேர்ந்துவிட்டார். தங்கப்பாண்டி அதே வீடியோவை எடுத்து நீட்டினார். குருநாதன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பொறுமையாகப் பார்த்தார்.

"லைட்டு அம்புட்டு வெளிச்சமா இருக்குல்ல. கண்ணு கூசுது, கீழ பாக்குறாரு, பாவம்."

சட்டம் எளிமையானதுதான். நம் கட்சியை விட்டுப் போனவர் விலைபோனவர். நம் கட்சிக்கு வந்தவர் விழித்துக்கொண்டவர். இந்தச் சட்டத்துக்கும் அடங்காத வழக்குகளுக்கு, "கோயில் வாசல்ல சூடத்த அடிச்சுச் சொல்லட்டும், நம்புறேன்" என்று ஒத்திவைத்துவிடுவார். எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் செய்கிற சத்தியத்தை அந்தப் பக்கத்தில் யாரும் விளையாட்டாக எடுப்பதில்லை. அதற்காக எந்த மந்திரியும் மெனக்கெட்டு அந்த ஊருக்கு பஸ் ஏறப்போவதில்லை என்பதால், கேட்கிறவருக்கு அது மிகவும் வசதியாகவும் இருந்தது.

இப்படி இருக்கையில் உள்ளாட்சித் தேர்தல் வந்தது. ஊராட்சித் தலைவர் பதவி இந்தத் தடவை பெண்களுக்கு என்று ஒதுக்கிவிட்டார்கள். அன்று சாயங்காலமே குருநாதன் மாறிவிட்டார்.

எதிலிருந்து மாறினார் என்று சொல்ல வேண்டும். ஊரில் குழாய் உண்டு, அதில் வருவது உப்புத் தண்ணீர். நல்ல தண்ணீர் வேண்டுமானால் எட்டுக் குடம் பிடிக்கிற தள்ளுவண்டியை இரண்டு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு போய், ஊற்று சுரக்கிற வரைக்கும் வரிசையில் உட்கார்ந்திருக்க வேண்டும். குருநாதனின் மனைவி முருகேஸ்வரி இருபது வருஷமாக அந்த வண்டியைத் தள்ளுகிறவள். இதற்கு ஒரு வழி பண்ண வேண்டும் என்று போன தேர்தலில் வார்டு உறுப்பினராக நிற்க ஆசைப்பட்டாள். "பொம்பள போயி ஆபீசுல உக்காந்தா வீடு வெளங்குமா?" என்று குருநாதன் கேட்டார், அதுவும் டீக்கடையில், நாலு பேருக்கு முன்னால் வைத்து. அன்றைக்கு அவள் அழுதாள். அது அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால், மனசாரத்தான் அழுகிறாளா என்று உற்றுப் பார்த்திருப்பார்.

வேட்புமனு கொடுக்கக் கடைசி நாளுக்கு முந்தின நாள், காலையிலேயே படிவத்தோடு வந்து நின்றார்.

"இந்தா, ஒரு கையெழுத்துப் போடு. பொம்பளைக வந்தாத்தான் ஊரு உருப்படும்."

"வீடு வெளங்காதுன்னீங்க."

"அது அன்னைக்கி. உள்ளபடியே சொல்றேன், காலம் மாறிப்போச்சு."

முருகேஸ்வரி அவர் முகத்தையே பார்த்தாள். அவளுக்கு வேகத்தைக் குறைக்க வேண்டிய அவசியம் இல்லை.

"எச்சி முழுங்குறீங்க," என்றாள். "சரி, ஆபீசுக்கு யாரு போவா?"

"நீதான். நான் சும்மா கூட வருவேன்."

"நாற்காலியில யாரு உக்காருவா?"

"நீதான். ஒனக்கு ஏதும் சோலியா இருந்தா அன்னைக்கி மட்டும் நான்…"

அவள் உள்ளே போய் ஒரு தட்டில் சூடத்தை ஏற்றிக்கொண்டு வந்தாள்.

"நிக்கணும்னு எனக்கு ஆசைதான். அஞ்சு வருசமா ஆசைதான். ஆனா உங்களுக்குப் பொம்மையா நிக்கிறதுக்கு நான் தண்ணி வண்டியே தள்ளிக்கிறேன். என் நாற்காலியில உக்கார மாட்டேன், என் கையெழுத்தப் போட மாட்டேன்னு இத அடிச்சுச் சொல்லுங்க. நிக்கிறேன்."

குருநாதன் பேசத் தொடங்கினார். குடும்பத்துக்குள் நம்பிக்கை வேண்டும் என்றார், பொதுவாழ்க்கை என்றால் சில விட்டுக்கொடுத்தல்கள் உண்டு என்றார், ஊர் மக்கள் விருப்பம் என்றார், அவர் இத்தனை நாளாக யார் யாரைப் பிடித்து எதற்கெல்லாம் கேலி செய்தாரோ அத்தனையையும் ஒன்று விடாமல் சொல்லி முடித்தபோது தட்டில் கரி மட்டும் இருந்தது.

"அதான் அணைஞ்சிருச்சுல்ல," என்றார்.

"தானா அணைஞ்சுச்சு," என்று அவள் இன்னொரு கட்டியை ஏற்றினாள்.

இந்தத் தடவை குருநாதன் சுடரைப் பார்த்தார். பெண்கள் வர வேண்டும் என்று சொன்னது பொய்யா? இல்லை. நாற்காலியில் தாம் உட்காரலாம் என்று நினைத்தது பொய்யா? அதுவும் இல்லை. இரண்டும் ஒரே மனசில் ஒன்றையொன்று இடிக்காமல் குடியிருந்திருக்கின்றன, எது முதலில் வந்தது என்று வீட்டுக்காரருக்கே தெரியவில்லை. ஊரார் மனசையெல்லாம் கடகடவென்று வாசித்தவர் தன் மனசுக்கு முன்னால் எழுத்துக்கூட்டிக்கொண்டு நின்றார். வெட்கமாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு அடித்தார், உள்ளங்கை நன்றாகவே சுட்டது. முருகேஸ்வரி படிவத்தில் கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் கடலாடி ஒன்றிய அலுவலகத்துக்கு மூன்று ஷேர் ஆட்டோ நிறையப் பெண்கள் போனார்கள். குருநாதன் கேட்டுக்கு வெளியிலேயே வேப்பமரத்தடியில் நின்றார். மனுவைக் கொடுத்துவிட்டு முருகேஸ்வரி சிரித்துக்கொண்டே படியிறங்கி வந்தபோது, கல்யாணத்தன்றுகூட அவள் இப்படிச் சிரித்து அவர் பார்த்ததில்லை, தொண்டை அடைத்தது, கைதட்டினார். அதைத் தங்கப்பாண்டி போனில் எடுத்துவிட்டார்.

அதற்கு அடுத்த நாள் டீக்கடையில் அந்த வீடியோ பாதி வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

"அண்ணே, இங்கன பாருங்க. கைதான் தட்டுது. தொண்டக்குழி ஏறி எறங்குது."

"ஏலே, மனசாரத்தான்டா தட்டுனேன்."

"எல்லாரும் அப்படித்தான்ணே சொல்றாக," என்றார் தங்கப்பாண்டி, மரியாதையாகவே.

குருநாதனுக்குக் கண் கலங்கிவிட்டது. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை கலப்படம் இல்லாமல் சந்தோஷப்பட்டிருக்கிறார், அதற்குச் சாட்சி சொல்ல அந்தக் கடையில் ஓர் ஆள் இல்லை. டீயை வாங்கிக் குடித்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் மிளகாயைப் பார்க்கப் போய்விட்டார்.

இனி நீங்கள் சொல்லுங்கள். அந்தக் கைதட்டல் நிஜந்தானா? அவள் ஜெயித்து வந்தால், ஆறு மாதம் கழித்து அந்த நாற்காலிப் பக்கம் அவர் போகாமல் இருப்பாரா? "போவார், போவார், இந்த மாதிரி ஆளுகளை எனக்குத் தெரியாதா" என்று சிலர் முடிவு கட்டியிருப்பீர்கள். "பாவம், நல்ல மனுஷன், திருந்திவிட்டார்" என்று வேறு சிலர். எந்தக் கட்சியாக இருந்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஒன்றை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்: குருநாதன் முகத்தை நீங்கள் இன்றுவரை பார்த்ததே இல்லை.