மச்சானின் மோட்டார் சைக்கிளில் நான் அடைத்த ஓட்டை

இயந்திரங்களைப் பற்றி ஒன்றுமே தெரியாதவனால் யாருக்கும் கெடுதல் இல்லை. தூர நின்று பார்த்துவிட்டுப் போய்விடுவான். எல்லாம் தெரிந்தவனாலும் கெடுதல் இல்லை. இரண்டுக்கும் நடுவில் நிற்கிறவன்தான் ஆபத்து. இருபத்து மூன்று வயதில் நான் அங்கேதான் நின்றேன், கையில் ஸ்பேனரோடு.

அறுபதுகளின் தொடக்கம். திருச்சி பாலக்கரையில் ஸ்டெல்லா அக்கா வீட்டில் தங்கி, ஒரு கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்தேன். தபால் கவர்களை ஒட்டுவது, பார்சல்களுக்கு அரக்கு உருக்கி முத்திரை வைப்பது என் வேலை. (இன்டர்மீடியட்டில் பௌதிகம் படித்தவனுக்கு இதுதானா கதி என்று எனக்கே என் மேல் ரொம்ப இரக்கம்.) அக்காவின் கணவர் சூசைராஜ் மச்சான் மாட்டு டாக்டர். கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம், திருவெள்ளறை வட்டாரத்து மாடுகள் எல்லாம் அவர் பொறுப்பு. அந்த ஊர்களுக்குப் போய்வர, பட்டாளத்துச் சாமான் ஏலத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் எடுத்திருந்தார்.

அதற்குச் செயின் கிடையாது. செயினுக்குப் பதிலாக என்ஜினிலிருந்து பின் சக்கரத்துக்கு ஷாஃப்ட் என்று ஓர் இரும்புத் தண்டு ஓடும். தண்டு சக்கரத்தோடு சேரும் இடத்தில் தேங்காய் அளவுக்கு ஒரு கியர் பெட்டி, அதற்குள் ஆயில். வீட்டுக்கு யார் வந்தாலும் காபி வருவதற்குள் மச்சான் அவர்களை வாசலுக்கு அழைத்துப்போய்விடுவார். "செயின் இல்லீங்க, நல்லா பாருங்க. அறுந்து போச்சுங்கற பேச்சே கிடையாது."

"ஆனா ஒழுகுதுங்கற பேச்சு உண்டு," என்பாள் அக்கா உள்ளிருந்து.

அவள் சொன்னது உண்மை. வண்டி நின்ற இடத்தில் எல்லாம் கறுப்பாக ஆயில் சொட்டியது. புதிதாகப் போட்ட சிமென்ட் தரையில் இலங்கை வரைபடம் போல ஒரு கறை. அக்கா அதைச் சவுக்காரம் போட்டுத் தேய்ப்பாள். மறுநாள் பக்கத்திலேயே இந்தியாவும் வந்துவிடும். மச்சான் ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து வந்ததும், ஒழுகினதை ஈடுகட்ட, பெட்டியின் கழுத்து வரைக்கும் ஆயில் ஊற்றுவார். வாரம் முழுக்க அது ஒழுகும்.

அந்தச் சமயத்தில்தான் அவர் ஏதோ பயிற்சிக்காக நான்கு நாள் மெட்ராஸ் போனார். வண்டிச் சாவி ஆணியில் தொங்கியது. அவர் திரும்புவதற்குள் ஒழுகலை நிறுத்திக் காட்டுவது என்று முடிவு செய்தேன்.

முதலில் மண்ணெண்ணெயால் பின்பக்கம் முழுவதையும் துடைத்துப் பளபளப்பாக்கினேன். எங்கிருந்து கசிகிறது என்று கண்டுபிடிக்க வேண்டுமே? அக்காவின் முகப் பவுடர் டப்பாவை எடுத்து, கியர் பெட்டி மேல் கவிழ்த்தேன். ஈரம் பட்ட இடத்தில் பவுடர் கறுக்கும். (இந்த யோசனை மட்டும் சரியானதுதான் என்று இன்றும் சாதிப்பேன்.) அந்தக் கோலத்தில் வண்டியை முக்கொம்பு வரைக்கும் ஓட்டினேன். வழியெல்லாம் மல்லிகை வாசனை. முக்கொம்பில் இறங்கிக் குனிந்து பார்த்தேன். பெட்டியின் உச்சியில், குண்டூசித் தலை அளவுக்கு ஓர் ஓட்டை. அதைச் சுற்றி மட்டும் பவுடர் கறுப்புச் சேறாகியிருந்தது.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. வண்டியைச் செய்த வெள்ளைக்காரன் தவறுதலாக ஓர் ஓட்டை போட்டுவிட்டான்! இத்தனை வருஷம் பட்டாளத்தில் ஒருவன் கண்ணிலும் படாதது என் கண்ணில் பட்டுவிட்டது!

வீடு திரும்பியதும் ஒரு வேப்பங்குச்சியைச் சீவி ஓட்டையில் அடித்து இறக்கினேன். அதன் மேல் ஆபீஸ் அரக்கை உருக்கி ஊற்றினேன். ஊற்றியதும் பழக்க தோஷத்தில், பையிலிருந்த கம்பெனி முத்திரையையும் எடுத்து ஒரு குத்து குத்தினேன். பார்க்க ரொம்பக் கச்சிதமாக இருந்தது.

வண்டி அசையாமல் நின்ற இரண்டு நாளும் ஒரு சொட்டு விழவில்லை. பவுடர் டப்பா காலியானதற்குத் திட்டிய அக்காவே, தரையைப் பார்த்துவிட்டு எனக்கு ஒரு துண்டு மீன் கூடுதலாக வைத்தாள். மெட்ராஸிலிருந்து வந்த மச்சான் குனிந்து குனிந்து பார்த்தார். "மாப்ள, நீ என்ஜினீயருக்குப் படிச்சிருக்கணும்டா. என்ன பண்ணுன?"

"சின்ன வேலைதான் மச்சான்," என்றேன். அடக்கமாம்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் திருவெள்ளறைப் பக்கத்திலிருந்து ஓர் ஆள் ஓடிவந்தார். ரெங்கசாமி என்ற விவசாயியின் தம்பி. "அய்யா, அண்ணன் மாடு ராத்திரியிலேர்ந்து கன்னு போட முடியாம கெடக்குங்க. ஒத்தக் காலு மட்டும் வெளிய தெரியுது. அந்த ஒரு மாட்டை வச்சுத்தாங்க குடும்பமே ஓடுது. சீக்கிரம் வாங்க."

மச்சான் பையைத் தூக்கினார். "மாப்ள, நீயும் ஏறு. இழுக்க ஆள் வேணும்." வந்தவரை பஸ்ஸில் திரும்பச் சொல்லிவிட்டுக் கிளம்பினோம்.

காவிரிப் பாலம் தாண்டும்வரை நன்றாகத்தான் போனது. பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கு, ஸ்ரீரங்கத்துக்குள் நுழையும்போது இடது கணுக்காலில் வெதுவெதுப்பாக ஏதோ பட்டது. குனிந்து பார்த்தேன். வெள்ளை பேண்ட் முழங்கால் வரை கறுத்திருந்தது. சக்கரத்தின் பக்கவாட்டிலிருந்து ஆயில் பூத்தூறலாகத் தெறித்தது.

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "என்ஜினீயர்" பட்டம் வாங்கிப் பன்னிரண்டு மணி நேரம்கூட ஆகவில்லையே!

"மெதுவா போங்க மச்சான்," என்றேன்.

"ஏன்டா?"

"காத்து கண்ணுல அடிக்குது."

அம்மா மண்டபம் பக்கம், காவிரியில் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு ஒரு கூட்டம் தெருவைக் கடந்தது. மச்சான் பிரேக்கை மிதித்தார். வண்டி லேசாக யோசித்துவிட்டுத் தன் பாட்டுக்குப் போனது. கூட்டம் இரண்டாகப் பிளந்தது. பித்தளைச் சொம்போடு ஒதுங்கிய நாமக்காரர் ஒருவர் கத்தினார்: "ஓய்! ஸ்நானம் பண்ணிட்டு வர்றவா மேலேயா விடறது? நன்னா இருக்கே நியாயம்!"

"பிரேக் கொஞ்சம் வழுக்குதே," என்றார் மச்சான். முன் பிரேக்கின் கேபிள் அறுந்து மாசம் ஒன்றாகியிருந்தது; பின் பிரேக்கே போதும் என்பது அவர் கொள்கை. மாட்டை நினைத்து அவர் வேகத்தைக் குறைக்கவும் இல்லை. கொள்ளிடம் தாண்டினோம். நான் மாதாவைத் துணைக்கு அழைத்துக்கொண்டே போனேன்.

ரெங்கசாமியின் வீடு ஏரிக்கரைச் சரிவின் அடியில் இருந்தது. சரிவில் இறங்கும்போது மச்சான் பிரேக்கை அழுத்தினார். இன்னொரு முறை அழுத்தினார். அப்புறம் அதன் மேல் ஏறி நின்றார்.

"மாப்ள! பிரேக்கே பிடிக்கலடா!"

நேர் எதிரே மாட்டுக் கொட்டகை. இடதுபுறம் கிணறு. வலதுபுறம் வைக்கோல் போர். "சேசுவே!" என்று கூவிக்கொண்டு மச்சான் வலதுபுறம் ஒடித்தார்.

வைக்கோலுக்குள் இருட்டாக, கதகதப்பாக இருந்தது. எனக்கு வெளியே வரவே மனசில்லை. மச்சான்தான் என் காலைப் பிடித்து இழுத்தார். அவருடைய மூக்குக்கண்ணாடியைக் காணவில்லை; மருந்துப் பையை மட்டும் நெஞ்சோடு அணைத்திருந்தார். "அடி ஏதும் பட்டுச்சாடா?" என்று என்னைத் தடவிப் பார்த்தார். கையெல்லாம் ஆயில். என்னையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கொட்டகைக்கு ஓடினார்.

இரண்டு முறை சவுக்காரம் போட்டுக் கழுவி, கையைத் தோள்வரை உள்ளே விட்டார். மடங்கியிருந்த மற்றொரு காலைத் தேடி நிமிர்த்த முக்கால் மணி நேரம் ஆனது. கண்ணாடி இல்லாததால் ஒரு நஷ்டமும் இல்லை; அந்த வேலையில் கண்ணுக்கு வேலையில்லை. "இப்ப இழு மாப்ள. மெல்ல. மாடு முக்கறப்ப மட்டும்." இழுத்தேன். அந்த வாரத்தில் நான் ஒழுங்காகச் செய்த ஒரே காரியம் அதுதான். கன்று வழுக்கிக்கொண்டு என் மடியில் வந்து விழுந்தது. தும்மியது. ரெங்கசாமி துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

அதன் பிறகு மச்சான் வைக்கோலிலிருந்து வண்டியை இழுத்துப் போட்டு, பின் சக்கரத்தருகே உட்கார்ந்தார். சிவப்பு அரக்கு கண்ணில் பட்டது. முகத்தை அதன் பக்கத்தில் கொண்டுபோய் எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"இது உன் கம்பெனி பேரு தானே?"

அரக்கை உடைத்து, குச்சியைக் குறட்டால் பிடுங்கினார். குச்சியின் நுனியெல்லாம் ஆயில். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பவுடர் உட்பட.

மச்சான் குறட்டைக் கீழே வைத்தார். பிறகு தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து நானும் அழத் தயாரானேன். சிரித்துக்கொண்டிருந்தார். "பார்சலுக்கு விலாசம் எழுத மட்டும் மறந்துட்டியேடா!"

வண்டி வைக்கோல் லாரியில் பாலக்கரை மெக்கானிக்கிடம் வந்து சேர்ந்தது. அவர் பிரேக்கைப் பிரித்துப் பெட்ரோலில் கழுவினார். "வண்டி ஓடினா உள்ளே காத்து சூடாகுமுங்க. அது வெளியே போகத்தான் இந்த ஓட்டை. அடைச்சா, ஆயிலைத் தள்ளிக்கிட்டு, பிரேக் பக்கம் ஆயில் போகாம தடுக்குற ரப்பர் 'சீல்' இருக்கு பாருங்க, அதைக் கிழிச்சு பிரேக்குக்குள்ள வந்துரும்." புது சீல் போட்டுவிட்டு மச்சானைப் பார்த்தார். "முதல்லயே ஏன் ஒழுகுச்சுன்னு கேக்குறீங்களா? ஆயிலை யார் இப்படிக் கழுத்து வரைக்கும் ஊத்துறது? பாதிதாங்க ஊத்தணும். மிச்சம் ஓட்டை வழியா வரத்தான் செய்யும்."

மச்சான் வேறு எங்கோ பார்த்தார். திரும்பும் வழியில் உடன்படிக்கை ஆயிற்று. அடைத்ததை அவர் சொல்ல மாட்டார். ஊற்றியதை நான் சொல்ல மாட்டேன். பாதி ஆயிலோடு வண்டி அதன் பிறகு ஒரு சொட்டும் ஒழுகவில்லை.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமையே ரெங்கசாமி ஒரு தூக்கு நிறையச் சீம்பாலோடு வந்துவிட்டார். "அம்மா, உங்க வீட்டுக்காரரு மாதிரி டாக்டரைப் பாத்ததில்லைங்க. மாடு கெடக்குதுன்னதும், வண்டிய நிறுத்தக்கூட நேரமில்லாம அப்படியே வைக்கப்போருல விட்டுட்டு ஓடியாந்தாரும்மா!"

அக்கா எங்கள் இருவரையும் திரும்பிப் பார்த்தாள். அரைமணி நேரத்தில் முழுக்கதையும் அவள் கையில். சீம்பாலில் எங்களுக்கு ஆளுக்கு ஒரு கரண்டிதான் கிடைத்தது.

இப்போது எங்கள் எல்லோருக்கும் பேரப்பிள்ளைகள். போன கிறிஸ்துமஸுக்கு மொத்தக் குடும்பமும் கூடியிருந்தபோது, மச்சானின் மூன்று வயதுப் பேத்திக்குச் சளி பிடித்து மூக்கு ஒழுகியது. பாசத்தோடு நான் கைக்குட்டையை எடுத்தேன்.

"அவன்கிட்ட விடாதீங்க!" என்று ஊஞ்சலிலிருந்து மச்சான் அலறினார். "அடைச்சிருவான்!"

வீடே சிரித்தது. குழந்தை மட்டும் சிரிக்கவில்லை. இரண்டு கையாலும் மூக்கைப் பொத்திக்கொண்டு சமையலறைக்கு ஓடியது. நான் ஊருக்குக் கிளம்பும்வரை வெளியே வரவில்லை.