மூன்று எம்.எல்.ஏ.க்களை ஜெயிக்க வைத்தவர்

ஓட்டு எண்ணி முடித்த மறுநாள் காலையில் தொகுதியெங்கும் திடீரென்று தலைகாட்டும் மனித இனம் ஒன்று உண்டு. அதற்கு 'ஜெயிக்க வைத்தவர்' என்று பெயர். தொகுதிக்கு ஜெயிப்பவர் ஒருவர்தான். ஜெயிக்க வைத்தவர் தெருவுக்கு மூன்று பேர். தோற்க வைத்தவர் என்று ஒருவரையாவது நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை. தோற்பவர்கள் யாருடைய உதவியும் இல்லாமல் தாமாகவே தோற்றுக்கொள்கிறார்கள், பாவம்.

எனக்குத் தெரிந்த ஜெயிக்க வைத்தவர் இருளாண்டி. நயினார்கோவிலுக்கு அந்தப் பக்கம் முந்நூறு ஓட்டுள்ள சிற்றூர் ஒன்றில் இருந்தார். ஊரில் பத்திரிகையை எழுத்துக்கூட்டாமல் படிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான் என்பதால், எந்தச் சின்னத்துக்குப் போடுவது என்று ஊர் அவரைத்தான் கேட்கும்.

ஐம்பத்திரண்டில் முதல் பொதுத் தேர்தல். அப்போது வேட்பாளருக்கு ஒரு பெட்டி; பெட்டி மேல் அவருடைய சின்னம். சீட்டை வாங்கிக்கொண்டு திரைக்குப் பின்னால் போய்ப் பிடித்த பெட்டியில் போட வேண்டும். எங்கள் பக்கத்தில் சிலர் பெட்டியைத் தொட்டுக் கும்பிட்டு, சீட்டைப் பிரசாதம்போல மடியில் முடிந்துகொண்டு வந்துவிட்டார்கள். இருளாண்டி அந்தத் தடவை குடைச் சின்னத்துக்காகக் கண்மாய் கண்மாயாக நடந்து தொண்டை கட்டிக்கொண்டார். ஜெயித்தது விளக்கு. மறுநாள் முதல் பஸ்ஸில் ஒரு ரோஜா மாலையோடு ராமநாதபுரத்தில் இறங்கினார். விளக்குக்காரரைச் சுற்றி எடுத்த போட்டோவில் இடமிருந்து நான்காவது ஆளாக, கழுத்தை நீட்டிக்கொண்டு, அவரும் விழுந்துவிட்டார். அந்தப் போட்டோ அவர் வீட்டு நடுச்சுவருக்கு வந்தது.

ஐம்பத்தேழில் அவர் உழைத்தது மரத்துக்கு, ஜெயித்தது ஏணி. மாலை ஏணிக்காரர் கழுத்தில் விழுந்தது.

இதில் பொய் எங்கே என்று கேட்பீர்கள். இருளாண்டி பொய்யே சொல்லமாட்டார். ஓட்டுப் பதிவு முடிந்த நிமிஷத்திலிருந்து சின்னத்தின் பெயரை உச்சரிக்கமாட்டார், அவ்வளவுதான். "நம்ம ஆளு" என்பார். "நம்ம ஆளு ஜெயிச்சிட்டாருல்ல? சொன்னேனா இல்லையா?" என்பார். நிச்சயமாகச் சொன்னார். எதைச் சொன்னார் என்பதுதான் ஊருக்கு நினைவில்லை. நினைவிருந்தவர்களும் வாயைத் திறக்கவில்லை, எம்.எல்.ஏ.வை ஜெயிக்க வைத்தவர் ஊரில் ஒருவர் இருப்பது ஊருக்கும் கௌரவம்தானே?

அறுபத்திரண்டில் பெட்டிகள் போய் ஒரே சீட்டில் எல்லாச் சின்னமும் வந்தன. முத்திரை குத்த வேண்டும். "தராசுல குத்துங்க, தராசுல குத்துங்க" என்று இருளாண்டி வீடுவீடாகச் சொன்னார். ஊரே தராசில் குத்தியது. முந்நூற்றுப் பதினாலு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தது படகு.

மாலையைப் போட்டுவிட்டு அவர் ஊர் திரும்பி வாரம் ஒன்றாகவில்லை, வாசலில் பிச்சையம்மாள் வந்து நின்றாள். கூலி வேலைக்குப் போகிறவள், அதிகம் பேசாதவள். அந்த ஊரில் கிணறு கிடையாது. ஊருணி வற்றிவிட்டால் அதன் நடுவில் குழி தோண்டி, ஊறும் தண்ணீரைச் சிரட்டையால் மொண்டு, ஒரு குடம் நிறைய அரைநாள் காத்திருக்க வேண்டும். அந்தக் குழியில்தான் அவள் மகள் சேதுலட்சுமி, ஏழு மாதக் கர்ப்பிணி, சறுக்கி விழுந்திருந்தாள். தாயும் பிள்ளையும் பிழைத்ததே பெரும்பாடாகிவிட்டது.

"அண்ணே, நம்ம ஆளு ஜெயிச்சிட்டாகளாமே?"

"பின்னே? யாரு ஜெயிக்க வச்சது?"

"அப்ப எங்களக் கூட்டிட்டுப் போங்க. ஒரு கெணறு கேக்கணும்."

இருளாண்டி மூன்று எம்.எல்.ஏ.க்களை ஜெயிக்க வைத்த பத்து வருஷத்தில் இந்த ஆபத்து ஒருமுறைகூட வந்ததில்லை. "இன்னைக்கு அஷ்டமித்தா," என்றார். "அவுக மெட்ராசுல இருப்பாகளே," என்றார். "எனக்கே இடுப்பு சரியில்ல," என்றார்.

"இன்னைக்கு ராம்நாட்லதான் இருக்காகளாம். பஸ் கண்டக்டரு சொன்னாரு," என்றாள் பிச்சையம்மாள். அவளுக்குப் பின்னால் இன்னும் ஐந்து பெண்கள் நின்றார்கள். இருளாண்டியின் மனைவி பஞ்சம்மாள் வெளுத்த சட்டையைக் கொண்டுவந்து நீட்டினாள். "எப்பவும் தனியாத்தானே போவீக. இன்னைக்குத் தொணைக்கு ஆறு பேரு. சும்மா போய்ட்டு வாங்க."

பஸ்ஸில் இருளாண்டிக்கு வியர்த்த வியர்வையை ஊருணியில் பிழிந்திருந்தால் கிணறே தேவைப்பட்டிருக்காது.

எம்.எல்.ஏ. தங்கியிருந்த வீட்டு வராந்தாவில் ஏற்கெனவே பன்னிரண்டு பேர் இருந்தார்கள். பன்னிரண்டு பேரும் ஜெயிக்க வைத்தவர்கள். புதுமடத்திலிருந்து தோணி முதலாளி வாவு முகம்மது அத்தர் மணக்க நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணனுக்கு எந்த ஊரு?" என்றார்.

இருளாண்டி ஊரைச் சொல்லி, பழக்க தோஷத்தில், "அந்த முந்நூறு ஓட்டு நம்மளுதுதான்," என்று சேர்த்தார்.

"எந்த முந்நூறு?"

"வித்தியாசம் முந்நூத்திச் சொச்சந்தானே?"

வாவு முகம்மது எழுந்து நின்றுவிட்டார். "அண்ணே, அந்த முந்நூறு எங்க புதுமடத்து ஓட்டுல்ல! ரெண்டு நாளு தோணி எறக்காம ஆளுகளக் கரையில நிறுத்தி வச்சு, அல்லா கிருபையில நான் போட வச்சது!"

காரங்காட்டுக்காரர் ஒருவர் கனைத்தார். "ரெண்டு பேரும் சண்ட போடாதீக. அந்த முந்நூறும் சாயங்காலம் நாலு மணிக்கு மேல எங்க பக்கம் விழுந்தது."

பிறகு யார் என்ன சொன்னார் என்று பிரித்தறிய முடியவில்லை. வராந்தாவில் இருந்தவர்கள் போட வைத்த ஓட்டை மட்டும் சேர்த்தால் தொகுதியின் ஜனத்தொகையைத் தாண்டி இலங்கைக்குள் போயிருக்கும். இருளாண்டிக்குத் தெம்பு வந்துவிட்டது. அவரும் குரலை உயர்த்தினார்.

அந்தச் சத்தத்தில்தான் எம்.எல்.ஏ. வெளியே வந்தார். தூக்கம் கெட்ட கண்கள். பதின்மூன்று கும்பிடுகளையும் ஒரே தலையசைப்பில் வாங்கிக்கொண்டு, பெண்களைப் பார்த்தார். "நீங்க யாரும்மா? நீங்களும் ஜெயிக்க வச்சவுகளா?"

"இல்லய்யா," என்றாள் பிச்சையம்மாள். "நாங்க உங்களுக்குப் போடல."

வராந்தாவில் இருந்த தலைகளெல்லாம் ஒரே நேரத்தில் அவள் பக்கம் திரும்பின.

"எங்க ஊருல ஒருத்தருகூடப் போடலய்யா. எல்லாரும் தராசுலதான் குத்துனோம். அண்ணன்தான் குத்தச் சொன்னாரு." அவள் இருளாண்டியைக் காட்டினாள். குத்தலாகக் காட்டவில்லை, வழி கேட்டவருக்குப் பாதையைக் காட்டுவதுபோலக் காட்டினாள். "உங்க சின்னம் என்னன்னுகூட எங்களுக்குத் தெரியாது. எங்களுக்குக் குடிக்கத் தண்ணியில்ல. குழிக்குள்ள எறங்கித்தான் மொள்ளுறோம். எம்மவ வயித்துப்பிள்ளையோட விழுந்துட்டா. ஒரு கெணறு வேணும்."

இருளாண்டி, சுண்ணாம்பு அடித்த வராந்தாத் தூணின் நிறத்துக்கு வந்துவிட்டார். வாவு முகம்மது முகத்தைத் திருப்பிக்கொண்டு துண்டால் வாயைப் பொத்தினார்.

எம்.எல்.ஏ. பிச்சையம்மாளை ஏற இறங்கப் பார்த்தார். ஜெயித்த நாளிலிருந்து தமக்கு ஓட்டுப் போடாத ஒரு ஆளைக்கூட அவர் சந்தித்திருக்கவில்லை. எதிராளிக்கு விழுந்த ஓட்டையெல்லாம் போட்டது யார் என்பது அவரை உறுத்திக்கொண்டே இருந்த விஷயம். கடைசியில் உரக்கச் சிரித்தார். "உங்க ஊருல எத்தன ஓட்டும்மா?"

"முந்நூறு இருக்கும்யா."

"முந்நூறும் எதிர்ல! இவுக எல்லாம் நம்ம கையில இருக்கிறவுக. இனிமே கெடைக்க வேண்டியது உங்க ஊருதான்." உள்ளே திரும்பி, "அந்த ஊரு பேர எழுதுப்பா. மொத கெணறு அங்கன," என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் இருளாண்டி ஜன்னல் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டு வந்தார். அவரை யாரும் எதுவும் கேட்கவும் இல்லை; அதுதான் அவருக்கு இன்னும் வலித்தது. நான்கு மாதம் அவர் டீக்கடைப் பக்கம் வரவில்லை. நடுச்சுவர்ப் போட்டோவை இறக்கி அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்துவிட்டதாகப் பஞ்சம்மாள் சொன்னாள்.

கிணறு வெட்டி, நல்ல தண்ணீர் ஊறி, எம்.எல்.ஏ. வந்து பூசணிக்காய் உடைத்தார். கூட்டத்தின் கடைசியில், யாருடைய நிழலிலோ, இருளாண்டி நின்றார். பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் முதல் குடம் இறைத்துக்கொண்டிருந்த பிச்சையம்மாளிடம் கேட்டார்: "யாருத்தா இதக் கொண்டு வந்தது?"

பிச்சையம்மாள் கயிற்றை விடாமல் திரும்பினாள். "இந்தா, அண்ணன்தான். அவரு மட்டும் அன்னைக்குத் தராசுல குத்தச் சொல்லாட்டி எங்களுக்கு ஏது கெணறு?"

கேலியா, மெய்யா? இருளாண்டி அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். தெரியவில்லை. யோசித்துப் பார்த்தால் அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. பக்கத்து ஊர்க்காரர் மரியாதையாகத் துண்டை இறக்கியதும் யோசிப்பதை நிறுத்தினார். நான்கு மாதத்துக்குப் பிறகு நெஞ்சு நிமிர்ந்தது.

"உக்காருங்க, சொல்றேன்," என்றார். "எல்லாம் திட்டம் போட்டுச் செஞ்சது."

இருளாண்டியைப் பார்த்துச் சிரித்துவிட்டீர்கள். நல்லது. ஆனால் ஒன்று: இதை இன்னொருவரிடம் படிக்கக் கொடுக்கும்போது, "இது எங்க பக்கத்து ஆளுதான், இந்த விஷயத்தை எழுதினவருக்கு எடுத்துக் கொடுத்ததே நான்தான்," என்று ஒரு வார்த்தை சேர்க்க நாக்கு துடித்தால், கொஞ்சம் கடித்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே பதினாறு பேர் சொல்லிவிட்டார்கள்.