மொட்டை வண்டிக்கு வைத்த கதவு

சென்றாயன் அர்த்தனாரியை உயிரோடு கடைசியாகப் பார்த்த அன்று, அவர் ஒரு கதவை உள்ளேயிருந்து தட்டிக்கொண்டிருந்தார். கதவுக்கு வலப்பக்கம் சுவர் இல்லை. இடப்பக்கமும் இல்லை. தலைக்கு மேலே கொல்லிமலையும் வானமும்தான்.

முதலிலிருந்து சொல்வதுதான் முறை. வெள்ளைக்காரன் காலம். படுக்கை, மேஜை, மண்ணெண்ணெய் ஸ்டவ் எல்லாம் உள்ளே வைத்துக் கட்டிய மோட்டார் வீடு ஒன்றில் ஒரு துரை உல்லாசமாக வந்தார். மலைமேல் மோட்டார் ஏறப் பாதை கிடையாது. அதனால் காளப்பநாயக்கன்பட்டிக்கு வெளியே புளியமரத்தடியில் நிறுத்தி, மலையைப் பார்த்தபடி முட்டை பொரித்தார். ஸ்டவ் குப்பென்று எழும்பி ஜன்னல் திரை பற்றிக்கொண்டது. துரைக்கு ஒரு பக்கத்து மீசை போயிற்று. மறு பக்கத்தை அவரே எடுத்துவிட்டார். சர்க்கார் பாரபட்சம் காட்டக் கூடாதல்லவா?

மீசை போன இடத்தில் விதி முளைத்தது. மனிதர் படுத்துறங்கிச் சமைத்துண்ணும் சக்கர வாகனம் எதுவாயினும், அடுப்பு அதனுள் அசையாமல் பொருத்தப்பட வேண்டும். தீப்பிடித்தால் வெளியேறக் கதவு வேண்டும். இதை அமல்நடத்த வந்தவர்தான் அர்த்தனாரி. துரையின் மோட்டார் சர்க்கார் சொத்து, அதைச் சோதிக்க அவருக்கு அதிகாரமில்லை. ஆகவே பாதையில் அகப்பட்ட சென்றாயனின் கூண்டில்லாத மொட்டை வண்டியைச் சோதித்தார்.

மலைமேலுள்ள திண்ணனூர் நாட்டுக்காரர்கள் தலைச்சுமையாக இறக்கிவரும் வாழைத்தாரைச் சேந்தமங்கலம் சந்தைக்கு ஏற்றிப் போகிறவன் சென்றாயன். அந்த வண்டிதான் அவனுக்குச் சோறு. வழியில் இறங்கிப் பொங்குவான், வைக்கோல்மேல் தூங்குவான். பாதையோரக் கல்லில் பொங்கக் கூடாது, எந்த இழவுக்குச் சோறு வடித்த கல்லோ என்று அவன் பெண்டாட்டி பாவாயி வீட்டு அடுப்புக்கல் மூன்றை வண்டியில் போட்டு அனுப்புவாள். அங்கேதான் மாட்டிக்கொண்டான்.

"இது என்ன?"

"கல்லுங்க. கீழ எறக்கி வெச்சுப் பொங்குவேனுங்க."

"அப்படியானால் அடுப்பு. அசைகிறதே!"

"கல்லு அசையலீங்க எசமான். வண்டிதானுங்க அசையுது."

அர்த்தனாரி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "கதவு எங்கே?"

"சுவரே இல்லீங்களே."

"தீப்பிடித்தால் எப்படி வெளியேறுவாய்?"

"குதிச்சுருவேனுங்க."

"எந்தப் பக்கம்?"

"எந்தப் பக்கம் வேணும்னாலுங்க."

"அதுதான் ஆபத்து! ஆளுக்கொரு பக்கம் குதித்தால் ஒழுங்கு என்னாவது? கதவு வைக்கும்வரை இந்த வாகனம் பாதையில் ஓடக் கூடாது."

வாழைத்தார் பழுக்க ஆரம்பித்தது. சென்றாயன் தச்சனைப் பிடித்து, பச்சைப் பலாமரத்தில் நிலையும் கதவும் தாழ்ப்பாளும் செய்து வண்டியின் பின்பக்கம் நிறுத்தினான். பாவாயி இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள்.

"ஊட்டுக்குப் படல். வண்டிக்குக் கதவு. இனி நீ வண்டியிலயே குடித்தனம் பண்ணு. நான் படலச் சாத்திக்கறேன்."

சோதனை நாள் வந்தது. மாட்டை அவிழ்த்து மேயவிட்டு, நுகத்தடிக்கு முட்டுக் கொடுத்து நிறுத்தினார்கள். மூன்று கல்லையும் மண் குழைத்துப் பலகைமேல் பூசி உட்கார வைத்தாயிற்று.

"வைக்கோல எங்கீங்க வெக்கிறது?"

"வைக்கோலைப் பற்றி விதி மௌனமாக இருக்கிறது. இருந்த இடத்திலேயே இருக்கட்டும்."

அர்த்தனாரி ஏறி உட்கார்ந்து, கதவைச் சாத்தித் தாழிட்டு, அடுப்பு பத்திரமானதுதானா என்று பார்க்க அதைப் பற்றவைத்தார். அடுப்பு அசையவேயில்லை. வைக்கோல்தான் எரிந்தது.

அவர் எழுந்து, பதறாமல், விதிப்படி தாழ்ப்பாளை இழுத்தார். பச்சை மரம் இறுகிக்கொண்டு தாழ் நகரவில்லை. தட்டினார்.

"பக்கவாட்டுல குதிங்க எசமான்!"

"கதவு இருக்கும்போது பக்கவாட்டு ஏது?"

"வேட்டி பத்துதுங்க!"

"சற்றுப் பொறு, திறந்துவிடும்!"

சென்றாயன் அவர் காலைப் பிடித்து ஒரே இழுப்பாகக் கீழே தள்ளினான். மண்ணில் விழுந்தவர் முதலில் கேட்டது தண்ணீர் அல்ல.

"கதவு! சோதனைக்கு வைத்த கதவு! அதைக் காப்பாற்றுடா!"

அதிகாரம் கத்தினால் நம் கை மூளையைக் கேட்பதில்லை. சென்றாயன் நிலையை உதைத்துப் பெயர்த்து, கதவோடு சேர்த்துப் பாதையோரம் இழுத்துப் போட்டான். திரும்பிப் பார்த்தபோது வண்டி இல்லை. சக்கரத்தின் இரும்புப் பட்டைகள் சிவந்து கிடந்தன.

அர்த்தனாரி ஜட்கா ஏறிப் போனார். பயப்பட வேண்டாம், அவர் தீயில் சாகவில்லை. 'வாகனம் எரிந்தது, கதவுக்குச் சேதமில்லை, ஆகவே விதி சரியானது' என்று எழுதி உத்தியோக உயர்வு பெற்றார். பல வருஷம் கழித்து ஆத்தூரில் ஜுரத்தில் போய்ச்சேர்ந்தார். அப்போது வாசல் கதவு திறந்தேதான் இருந்ததாம்.

அதற்கப்புறம் நடந்ததற்கு எந்தத் துரையும் பொறுப்பில்லை. சர்க்காரே மெச்சிய கதவு என்று கேள்விப்பட்டு, வசதியுள்ள பண்ணையக்காரர் ஒருவர் தம் மொட்டை வண்டிக்குத் தாமரை செதுக்கிய கதவு வைத்தார். அடுத்தவர் அன்னப்பட்சி வைத்தார். பெண் கேட்டு வந்தால் பெண் வீட்டார், "மாப்பிள்ளை ஊட்டு வண்டிக்குக் கதவு உண்டுங்களா?" என்று கேட்கலானார்கள். கூலிக்கு ஊரார் வண்டி ஓட்டி ஓட்டி, சென்றாயன் கடைசியில் சொந்தமாக ஒரு வண்டி வாங்கி வந்தான். பாவாயி அதை முன்னும் பின்னும் பார்த்தாள்.

"ஏனுங்க, கதவு எங்கீங்க? நாலு பேரு என்ன பேசுவாங்க?"

சென்றாயன் தச்சன் வீட்டுக்கு நடந்தான்.

பழைய கதவை யாரோ மலைப்பாதை அடிவாரத்தில் நிலையோடு நட்டுவைத்தார்கள். பக்கத்தில் சுவர் இல்லை, வேலி இல்லை. மலையிலிருந்து சுமையோடு இறங்குகிறவர்கள் அதைத் திறந்து, குனிந்து, அதற்குள் நுழைந்தே வருகிறார்கள். கடைசியாக வருகிறவர் சாத்திவிட்டு வருகிறார்.