மஞ்சள் கோட்டுக்கு அந்தப்பக்கம்

புனிதத் தலத்தின் புனிதம் குறைந்து வருகிறதா என்று ஆராய ஒரு குழு போட்டார்கள். குழு மூன்று மாதம் கூடிக் கலைந்தது. ஏற்கெனவே எவ்வளவு புனிதம் இருந்தது என்பதற்கு ஆவணம் ஏதும் கிடைக்காததால் குறைந்ததா கூடியதா என்று உறுதியாகச் சொல்ல இயலவில்லை என்றும், இருப்பினும் எச்சரிக்கையாக இருப்பது நலம் என்றும் அறிக்கை கொடுத்தது. அதன் பேரில் பழைய பள்ளிவாசலுக்கு எதிரே ஒரு அலுவலகம் திறந்தார்கள். அலுவலகத்துக்கு ஒரு அதிகாரி வந்தார். அதிகாரி வந்த நாலாம் நாள் வாசலுக்குக் குறுக்கே ஒரு மஞ்சள் கோடும், கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு பலகையும் வந்தன.

‘முஸ்லிம் அல்லாதோர் இக்கோட்டினைக் கடத்தல் ஆகாது.’

கோட்டைப் போட்ட பெயிண்டரும் முஸ்லிம் அல்லாதவர்தான். காலை வெளியே வைத்துக்கொண்டு கையை மட்டும் நீட்டிப் போட்டதில் கோடு நெளிந்துவிட்டது. ‘கோடு வளைந்திருப்பினும் விதி நேரானது’ என்று அதிகாரி கோப்பில் குறிப்பு எழுதினார்.

அந்தப் பள்ளிவாசலின் தண்ணீர் மோட்டாரை இருபத்திரண்டு வருஷமாகப் பார்த்துவந்த மெக்கானிக்குக்கு இந்தக் கோட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவருக்கு அந்த மோட்டாரைத் தெரியும். அது எப்போது உறுமும், எப்போது முறைக்கும், எந்த இடத்தில் தட்டினால் வழிக்கு வரும் என்பதெல்லாம் அத்துப்படி. தன்னைவிட அந்த மோட்டாரைத்தான் அவர் நன்றாகப் புரிந்துவைத்திருக்கிறார் என்று அவர் மனைவிக்கு ஒரு வருத்தம் உண்டு.

வியாழக்கிழமை காலையில் இமாம் போன் செய்தார்.

“தம்பி, மோட்டார் ஓடுது, தண்ணி ஏறல. நாளைக்கு வெள்ளிக்கிழமை. தொழுகைக்கு முன்னாடி ஆயிரம் பேர் கைகால் முகம் கழுவணும். கொஞ்சம் சீக்கிரம் வந்துடுங்க.”

மெக்கானிக் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். செருப்பைக் கழற்றப் போகும்போது காவலாளி தயங்கித் தயங்கிக் குறுக்கே வந்தார். இருவரும் ஒரே கடையில் எத்தனையோ தடவை சேர்ந்து டீ குடித்தவர்கள்.

“அண்ணே, தப்பா நினைக்காதீங்க. கோடு இருக்கு.”

“பாத்தேன். ஏன் கோணலா இருக்கு?”

அதற்குள் அதிகாரியே இறங்கி வந்துவிட்டார்.

“நீங்க முஸ்லிமா?”

“இல்லைங்க. மெக்கானிக்.”

“அது தொழில்.”

“மோட்டாருக்கு அதுதாங்க வேணும்.”

உள்ளேயிருந்து இமாம் வந்தார். எழுபது வயது. கோபப்பட்டே பழக்கமில்லாதவர். “ஐயா, இந்த விஷயத்துல அந்தக் காலத்துப் பெரியவங்களே பலவிதமா சொல்லியிருக்காங்க. வேண்டாம்னவங்க உண்டு. தேவைக்கு வரலாம்னவங்களும் உண்டு. இவர் என் கண்ணு முன்னாடி இருபத்திரண்டு வருஷமா மரியாதையா வந்து மரியாதையா போறவர்.”

“பெரியவங்க சொன்னது இருக்கட்டும், ஹஜ்ரத். சுற்றறிக்கை என்ன சொல்லுது, அதைப் பாருங்க.”

நீண்ட ஆலோசனைக்குப் பிறகு அதிகாரி ஒரு வழி கண்டுபிடித்தார். மெக்கானிக் கோட்டுக்கு வெளியே நின்று சொல்லுவார். காவலாளி நடுவில் நின்று அதை உள்ளே சொல்லுவார். இமாம் செய்வார். குரல் கோட்டைக் கடக்கலாமா என்று ஒரு சின்னச் சந்தேகம் வந்தது. குரலுக்குக் கால் இல்லாததால் அனுமதித்தார்.

“வலது பக்கம் ரெண்டாவது நட்டைத் தளர்த்தச் சொல்லுங்க.”

“ஹஜ்ரத், வலது பக்கம் ரெண்டாவது.”

“யாருக்கு வலது?” என்று உள்ளேயிருந்து கேள்வி வந்தது.

காவலாளி மெக்கானிக்கைப் பார்த்தார். மெக்கானிக் தனக்கு வலதா, மோட்டாருக்கு வலதா என்று கண்ணை மூடி யோசிப்பதற்குள் இமாம் தன் வலதை முடிவு செய்துவிட்டார். தண்ணீர் வந்தது. தொட்டிக்கு அல்ல. இமாம் தலையிலிருந்து கால்வரை நனைந்து வெளியே வந்து, தாடியைப் பிழிந்துகொண்டு, “தம்பி, இது என்னால ஆகற காரியமில்ல” என்றார்.

மெக்கானிக்குக்கு, இவ்வளவு நல்ல மனுஷரை இந்த வயதில் நனையவிட்டுவிட்டு, கையில் ஸ்பேனரோடு சும்மா நிற்கிறோமே என்று இருந்தது.

“இதுக்குன்னு ஒரு படிவம் இருக்கு” என்றார் அதிகாரி. “அல்லாதோர் அவசரப் பணி அனுமதி. படிவம் ஏழு.”

“காலையிலேயே சொல்லியிருக்கலாமேங்க.”

“காலையில இது அவசரமா இல்லையே.”

படிவம் ஏழுக்கு நான்கு போட்டோ, ஸ்பேனர்களின் பட்டியல், நன்னடத்தைச் சான்று எல்லாம் வேண்டியிருந்தது. வீட்டில் மனைவி அலமாரியைக் கவிழ்த்துப் போட்டுத் தேடிக்கொண்டே, “உங்களைக் கட்டிக்க எங்கப்பா ஒரே ஒரு போட்டோதான் கேட்டார். அதுவும் பாக்கல” என்றார்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு முத்திரை விழுந்தது. மெக்கானிக் உள்ளே காலெடுத்து வைக்கும்போது அதிகாரி, “ஒரு நிமிஷம்” என்றார்.

“உள்ள ஒரே ஒரு அல்லாதவர் இருக்கார்னு நான் பதிவேட்டுல எழுதணும். சரியா? அப்படி எழுதணும்னா, மத்தவங்க யாரும் அல்லாதவங்க இல்லைன்னு எனக்குத் தெரிஞ்சாகணும். எல்லாரையும் ஒரு தடவை வெளிய வரச் சொல்லுங்க. சான்றைக் காட்டிட்டு உள்ள போகட்டும்.”

உள்ளே இருந்தவர்கள் வெளியே வந்தார்கள். தொழுகைக்கு வந்துகொண்டிருந்தவர்களும் கோட்டுக்கு முன்னால் நின்றார்கள். வரிசை தெருமுனையைத் தாண்டியது.

“என்ன சான்று வேணும்?” என்று கேட்டார் இமாம்.

“முஸ்லிம்னு இமாம் கையெழுத்துப் போட்ட கடிதம்.”

“அவ்வளவுதானே? நான்தானே இமாம். எல்லாருக்கும் போட்டுத் தர்றேன்.”

“தாராளமா. முதல்ல உங்க சான்றைக் காட்டுங்க.”

இமாம் சற்று யோசித்தார். “எனக்கு யார் கொடுப்பாங்க?”

“இமாம்.”

“அது நான்.”

“தனக்குத் தானே சான்று வழங்கிக்கொள்ளுதல் செல்லாது. விதி பதினொன்று.”

முப்பது வருஷமாக அங்கே தொழுகை நடத்தியவர், நனைந்து காய்ந்த அங்கியோடு வரிசையின் முதல் ஆளாக நின்றார். யாரும் சத்தம் போடவில்லை. சத்தம் போடுவதற்கு எந்தப் படிவம் என்று தெரியாததால் இருக்கலாம்.

ஆக, அன்று அந்தத் தெருவில் முறையான ஆவணங்களோடு இருந்த ஒரே ஆள் மெக்கானிக்தான். அவர் மட்டும் உள்ளே போனார்.

எப்போதும் யாராவது ஓதிக்கொண்டோ, யாராவது ஓரமாகப் படுத்துக்கொண்டோ இருக்கும் இடம். இப்போது அவருடைய மூச்சு அவருக்கே கேட்டது. பெண்வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் தெருவில் நிற்க, மண்டபத்தில் தனியாகப் பந்தியில் உட்கார்ந்தவர் போலக் கூசியது. தலையைக் குனிந்துகொண்டு நேராக மோட்டாரிடம் போனார். பத்து நிமிட வேலை. ஒரு வால்வு. தண்ணீர் தொட்டியில் விழ ஆரம்பித்தது.

நேரம் நெருங்கியது. அதிகாரியும் தொழுகிறவர்தான். கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, பேனாவை மூடிக் கோட்டைத் தாண்டப் போனார். காவலாளி குறுக்கே வந்தார்.

“ஐயா, சான்று.”

“நான்யா அந்த உத்தரவையே போட்டவன்.”

“ஆமாங்க ஐயா. விதிவிலக்கு யாருக்கும் இல்லைன்னு கீழ எழுதியிருக்கு. உங்க கையெழுத்துதான்.”

அதிகாரி தன் கையெழுத்தை உற்றுப் பார்த்தார். தெளிவாகவே இருந்தது.

மெக்கானிக் உள்ளேயிருந்து ஒரு நீண்ட குழாயை இழுத்துக்கொண்டு வந்து, கோட்டுக்கு அந்தப்பக்கம் நின்றபடியே தண்ணீரை வெளியே பிடித்தார். ஒவ்வொருவராகக் குனிந்து கழுவிக்கொண்டார்கள். அதிகாரியும் குனிந்தார். அவர் கைக்கும் அதே அளவு தண்ணீர்தான் விட்டார் மெக்கானிக். கொஞ்சம் வேகமாக விட்டதாகச் சொன்னவர்களும் உண்டு. தெருவிலேயே வரிசை கட்டி நின்றார்கள். இமாம் தொழுகை நடத்தினார். அது முடியும்வரை, காலியான பள்ளிவாசலுக்குள் மெக்கானிக் குழாயை மடக்கிப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றார்.

அந்த வாரத்து அறிக்கையில் அதிகாரி எழுதினார்: ‘அனுமதியற்ற நபர் ஒருவர்கூட நுழையவில்லை. திட்டம் முழு வெற்றி.’ அவருக்குப் பதவி உயர்வு வந்தது. இமாமின் சான்று பரிசீலனையில் இருந்தது.

மெக்கானிக் இதைப் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அவர் கும்பிடும் கோயிலின் நிர்வாகக் குழுவிலும் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. தலைவர் முன்னால் நகர்ந்து உட்கார்ந்து, “அந்தப் படிவம் ஏழு ஒரு காப்பி கிடைக்குமா?” என்று கேட்டார்.

ஒரு மாதத்தில் கோயில் வாசலிலும் கோடு வந்தது. அதில் அனுபவமுள்ள ஒரே ஆள் என்பதால் மெக்கானிக்கையே சரிபார்ப்பு உறுப்பினராகப் போட்டார்கள். முதலில் வேண்டாம் என்றுதான் சொன்னார். பிறகு கழுத்தில் தொங்கவிட ஒரு அட்டை கொடுத்தார்கள். அதில் அவர் போட்டோ நன்றாக விழுந்திருந்தது.

முதல் நாள் காலையில் முதல் ஆளாக அவர் மனைவி வந்தார்.

“சான்று?” என்றார் மெக்கானிக்.

மனைவி பின்னால் திரும்பிப் பார்த்தார். வேறு யாரும் இல்லை. “என்னையா கேக்கறீங்க? இருபத்தாறு வருஷமா உங்களோட குடித்தனம் பண்றேன்.”

“அது வீட்டு விஷயம். இது நிர்வாகம்.”

மனைவி வந்த வழியே திரும்பிப் போனார்.

மதியம் மெக்கானிக்குக்குச் சாப்பாடு வரவில்லை. போன் செய்து கேட்டார். விண்ணப்பம் இன்னும் வந்து சேரவில்லை என்று பதில் வந்தது.