விசாரணை சாப்பிட்ட பன்

கள்ளக்குறிச்சியில் டெஸ்ட்டுக்கு ரத்தம் கொடுக்கப் போய், கொடுக்காமலே திரும்பியவர்களை நிற்க வைத்தால் வரிசை பஸ் ஸ்டாண்டைத் தாண்டும். எல்லாம் 'விசாரணை'யின் கைங்கர்யம். செருப்புக் கடை மாடியில் லேப் வைத்திருந்தவர். நிஜப் பெயர் போர்டில் இருந்தது, யாரும் படித்ததில்லை. கேள்வி கேட்டு முடிக்காமல் ஊசியைத் தொடமாட்டார்.

எலவனாசூர்கோட்டைக்காரர் ஒருவர் சர்க்கரை பார்க்க வந்தார்.

"இந்த வாரம் இன்னா துன்னீங்க?"

"கஞ்சிதான். சோத்தப் பாத்தே எட்டு நாளாச்சு. நம்பர் கம்மியா வரணும்ல?"

"வழக்கமா துன்றத துன்னுட்டு அப்புறமா வாங்க. எனக்கு உங்க ரத்தம் வேணும், நடிப்பு வேணாம்."

அவர் கோபித்துக்கொண்டு வேறு லேபுக்குப் போய், நல்ல நம்பரோடு மாடியேறி வந்து காட்டினார். விசாரணை அந்தச் சீட்டைப் பார்த்தும் நாலு கேள்வி கேட்டார்.

இப்படிப்பட்டவரிடம்தான் என் மகளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவளுக்கு ஐந்து முடிந்து ஆறு நடந்தது. சப்பாத்தி, பரோட்டா, பிஸ்கட், எதைத் தின்றாலும் வயிறு உப்பி, பேதியாகி, குச்சியாக இளைத்துக்கொண்டே வந்தாள். நானே டாக்டராகிக் கோதுமையை நிறுத்தினேன். கரியாலூர் வரை மலையேறிப் போய்ச் சாமை வாங்கி வந்தேன். இரண்டே மாதத்தில் கன்னத்தில் சதை வைத்துவிட்டது. "அப்புறம் எதுக்கு டெஸ்ட்டு?" என்றாள் மனைவி. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கோதுமைதானா, வேறு ஏதாவதா? ஆபீஸில் ஃபைலைத் திறந்தால்கூட அந்த உப்பின வயிறுதான் தெரிந்தது. டாக்டரைப் பார்க்கவும் பொறுமையில்லாமல் நேரே லேபுக்கே போய்விட்டேன்.

"பாப்பா இப்ப கோதுமை துன்னுதா?"

"தொடுறதே இல்ல சார்," என்றேன் பெருமையாக.

ஊசியை மூடி வைத்துவிட்டார். "அப்ப டெஸ்ட்டுல ஒண்ணும் இல்லன்னு வந்தாலும் வரும். நீங்களும் நம்பிக்கினு பரோட்டா வாங்கிக் குடுப்பீங்க. மொதல்ல கொழந்த டாக்டரப் பாருங்க."

டாக்டரும் அதையேதான் சொன்னார்; கோதுமையே குடலைக் கெடுக்கும் ஒரு வியாதியோ என்று சந்தேகப்பட்டார். அவர் கண்காணிப்பில் ஆறு வாரம் தினமும் கொஞ்சம் கோதுமை, பிறகு ரத்தம். மனைவி கொதித்துப்போய் லேப் மாடியேறினாள்.

"நல்லா இருக்கற புள்ளைக்கு நாமளே வயித்து வலியக் குடுக்கணுமாண்ணா?"

"அந்த வியாதிதான்னு தெரிஞ்சா, ஒரு துணுக்குகூட ஆயுசுக்கும் ஆவாதும்மா," என்றார் விசாரணை. "இல்லன்னு தெரிஞ்சா, கல்யாண வூட்டுல எல்லாரும் பூரி துன்னச்சொல்ல, அது மட்டும் ஏன் குந்திக்கினு வேடிக்கை பாக்கணும்?"

மறுநாள் அவளே போய்ப் பன் வாங்கி வந்தாள்.

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். கோதுமை தின்றால் வயிற்றில் பாம்பு வளரும் என்று இரண்டு மாதமாக மிரட்டி வைத்தவன் நான்தான். கெஞ்சினோம், அதட்டினோம், பன் அப்படியே கிடந்தது. வேறு வழியில்லாமல் விசாரணையிடம் போய்ச் சொன்னேன்.

அன்று சாயங்காலம் சைக்கிளில் வந்து இறங்கினார். பன்னைப் பிய்த்துப் பாதியைத் தின்றார். "எனக்குப் பாம்பு வருதா பாரு," என்று சட்டையைத் தூக்கினார். அவள் அவர் தொப்பையை நன்றாக அமுக்கிப் பார்த்துவிட்டு மீதியைத் தின்றாள். ஆறு வாரமும் தினம் இந்தப் பரிசோதனை நடந்தது. அவள் வயிறு மறுபடி உப்ப ஆரம்பித்தது. நான் கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்தே காலைத் தேய்த்தேன்.

ரத்தம் எடுத்த அன்று அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அந்த வியாதிதான் என்று வந்தது. டாக்டர் வெளியூர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பி உறுதி செய்தார். கோதுமைக்கு அன்றோடு முழுக்கு. என் மனசும் அன்றுதான் ஒரு இடத்தில் உட்கார்ந்தது.

அப்புறம் ஒருநாள் சந்தையில் விசாரணையின் மனைவியைப் பார்த்தோம். "அவருக்கே சக்கர ஜாஸ்திங்க. நடுவுல ஆறு வாரம் நம்பர் ஏறிக்கினே போச்சு. இன்னா துன்னீங்கன்னு கேட்டா வாயே தொறக்கல," என்றார். ஊரையே விசாரித்த மனிதர்.

லேப் மூடி வருஷங்களாகிறது. மகள் காலேஜ் போகிறாள். ஊருக்கு வந்தால் முதலில் அவர் வீட்டுக்குத்தான் போய், "இன்னா துன்னீங்க பெரிப்பா?" என்று கேட்கிறாள்.

"கஞ்சிதான் பாப்பா," என்கிறார். அவள் நம்புவதில்லை, சட்டையைத் தூக்கச் சொல்லித் தொப்பையை அமுக்கிப் பார்க்கிறாள்.