மூன்று பிளாஸ்திரிகளும் பழி சுமந்த இறாலும்

திருவொற்றியூர்,
செப்டம்பர் 2009

மைத்துனர் பகலவன் அவர்களுக்கு,

மாமா குணசேகரன் எழுதுவது. தாங்களும் தங்கள் துணைவியார் எழில்மொழியும் பெங்களூரில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்; சுகமாக இருப்பவர்களால்தான் ஊரெல்லாம் போன் போட்டுப் பேச முடியும். தங்கள் அக்கா மலர்க்கொடி பிழைத்துக்கொண்டாள். அதில் தங்கள் பங்கு எதுவுமில்லை. அவள் விழுந்ததில் இருக்கும் பங்கைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

"மாமா கெட்டுப்போன இறாலை ஆக்கிப் போட்டு அக்காவை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டாரு" என்று தாங்கள் பரப்பிய செய்தி, புளியந்தோப்பு, வியாசர்பாடி எல்லாம் சுற்றி, எங்கள் பால்காரர் வாய் வழியாக எனக்கே வந்து சேர்ந்தது. "இன்னா சார், வூட்டம்மாவுக்கு அழுகுன எறா குட்த்தியாமே?" என்று கேட்கிறார். அன்று காலைதான் காசிமேட்டில் படகிலிருந்து இறங்கிய இறால் அது. துறைமுகத்தில் ஆயுசெல்லாம் கிரேன் ஓட்டியவன் நான். ஒரு மூட்டையைக்கூடக் கீழே போட்டதில்லை. பெண்டாட்டியையா போடுவேன்?

அவளுக்கு மறதி நோய் என்று தெரிந்தபோது டாக்டரம்மா முதலில் மாத்திரைதான் கொடுத்தார். இவள் அதை நாக்குக்கடியில் ஒளித்து வைத்து, நான் திரும்பியதும் காபி டம்ளரில் துப்பிவிடுவாள். மிச்சக் காபியைக் குடிக்கிறவன் நான். அதனால் தோலில் ஒட்டும் பிளாஸ்திரி எழுதிக் கொடுத்தார். மருந்து நாள் முழுக்கத் தோல் வழியாக இறங்கும். மறுநாள் பழையதை உரித்துவிட்டு வேறு இடத்தில் புதிது ஒட்ட வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமையும் அவள் முதுகில் ஒட்டிவிட்டு, எப்போதோ ஒருமுறை வரும் மச்சானுக்கு நல்ல இறால் வேண்டுமே என்று காசிமேட்டுக்குப் போனேன். நான் திரும்புவதற்குள் நீ வந்துவிட்டாய். (இனிமேல் 'தாங்கள்' வராது, கை வலிக்கிறது.) வந்ததும் அக்காவைக் கேட்டிருக்கிறாய்: "அக்கா, இன்னிக்கு மருந்து போட்டாச்சா?" "இல்லடா. அவரு எனக்கு இன்னாத்த குடுக்கிறாரு?" மறதி நோய்க்காரியிடம் மருந்து போட்டாச்சா என்று கேட்டு, அவள் சொன்ன பதிலை நம்பிய முதல் இன்ஜினியர் நீதான்யா! கண் கலங்கி, மருந்துப் பெட்டியிலிருந்து ஒரு பிளாஸ்திரியை எடுத்து, நைட்டிக் கையை ஏற்றி மேல்கையில் ஒட்டியிருக்கிறாய். எனக்கு அவமானமாகிவிடும் என்று என்னிடம் சொல்லவில்லை. என்ன பெருந்தன்மை! சாப்பாட்டுக்குப் பிறகு எழில்மொழி தலை வாரிவிடும்போது அவளும் அதையே கேட்டாளாம். "இல்லம்மா" என்றாளாம் உன் அக்கா. எழில்மொழியும் அழுதாள், அக்கா நெஞ்சில் ஒன்று ஒட்டினாள், உன்னிடம்கூட மூச்சு விடவில்லை. புண்ணியம் செய்த முகத்தோடு இரண்டு பேரும் ரயிலுக்குக் கிளம்பினீர்கள். இதெல்லாம் நான் ஆஸ்பத்திரியிலிருந்து போன் போட்டபோது நீங்களே தனித்தனியாக ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்ட பிறகும் ஊருக்கு இறால்தான் குற்றவாளி.

நீங்கள் தெருமுனை தாண்டினீர்களோ இல்லையோ, வாந்தி எடுக்க ஆரம்பித்தாள். வியர்த்துக் கொட்டியது. எழுந்து நடந்தவள் பாத்ரூம் வாசலில் சரிந்தாள். பக்கத்து வீட்டு தாஹிரா ஓடி வந்து, "இன்னாண்ணே, பாத்துகினு நிக்கிறே? ஆட்டோவ கூப்டு!" என்று கத்திய பிறகுதான் எனக்குக் கால் வந்தது. ஆட்டோவில் அவள் தலை என் மடியில். கூப்பிட்டால் பதில் இல்லை. ஒரே கேள்வியை நாள் முழுக்கக் கேட்டு என் உயிரை எடுப்பவள்தான். "ஏதாவது கேளு மலரு, எத்தனை தடவை வேணா கேளு" என்று கெஞ்சிக்கொண்டே போனேன்.

டாக்டரம்மா நாடியைப் பிடித்துப் பார்த்தார். "பல்ஸ் ரொம்ப ஸ்லோவா இருக்கே!" என்றார். நர்ஸ் உடையைத் தளர்த்தினால் முதுகில் ஒன்று, கையில் ஒன்று, நெஞ்சில் ஒன்று. "இன்னா சார் இது, எலெக்சன் டைம்ல செவுத்துல போஸ்டர் ஒட்ற மாதிரி ஒட்டி வச்சிக்கீறீங்க?" என்று உரித்து எடுத்தார். டாக்டரம்மாவின் திட்டு முழுக்க எனக்கு. "உடம்புல ஒரு நேரத்துல ஒண்ணுதான் இருக்கணும். பழசை எடுக்காம புதுசு ஒட்டவே கூடாது. ஒரு நாள் விட்டுப்போனாலும் மறுநாள் ரெண்டா ஒட்டக்கூடாது. வீட்டுல ஒருத்தர்தான் இதைப் பார்த்துக்கணும். சந்தேகம்னா அவரைக் கேளுங்க, பேஷண்டைக் கேக்காதீங்க." கண் திறந்ததும் நர்ஸ் இவளிடம், "யாரும்மா இத்தனை ஒட்டினது?" என்று கேட்டார். உன் அக்கா நேராக என்னைக் காட்டி, "தோ, இந்த ஆளுதான். யாருன்னே தெரியல" என்றாள். வார்டே என்னைத் திரும்பிப் பார்த்தது.

இப்போது வீட்டில் இருக்கிறாள். கொஞ்ச நாள் மருந்து வேண்டாம், பிறகு குறைந்த அளவிலிருந்து தொடங்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். பகலவா, நீ ஒட்டியது அக்காவுக்காக இல்லை. ரயிலில் நிம்மதியாகத் தூங்கலாம் என்றுதான். அவள் வாந்தியைத் துடைக்கிறவனுக்குத் தூக்கமும் இல்லை, நல்ல பேரும் இல்லை. இனி என் வீட்டு வாசலை மிதிக்க வேண்டாம்.

உன் பிள்ளைகளுக்கு என் ஆசிகள். அவர்கள் எதையும் ஒட்டவில்லை.

இப்படிக்கு,
இன்னும் கோபம் ஆறாத
குணசேகரன்

பி.கு.: உறையில் போடும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "யாருக்கு லெட்டரு?" என்றாள். உன் தம்பிக்கு என்றேன். "எனக்குத் தம்பி கீறானா?" என்று முகமெல்லாம் சிரிப்பு. "அப்ப ஏன் வரவே மாட்டேன்றான்? சாப்பிட வரச் சொல்லு" என்று சொல்லிவிட்டு, வாசலில் போய் நின்றுகொண்டிருக்கிறாள். மேலே எழுதியதை அடிக்க மாட்டேன். அது அப்படியே இருக்கட்டும். நீ வா. எழில்மொழியையும் அழைத்து வா. மருந்து பீரோவுக்குள் இருக்கிறது, சாவி என்னிடம். நீ யாரென்று கேட்பாள், கோபப்படாமல் சொல். கொஞ்ச நேரத்தில் மறுபடி கேட்பாள், மறுபடி சொல். எனக்கு தினமும் அதுதான் பிழைப்பு.