பூஜைக்கு வைத்த ஸ்பேனர்

எனக்கு மனிதர்கள் மேல் வருகிற கோபம் ஒரு டீ குடிக்கிற நேரத்துக்குள் இறங்கிவிடும். ஸ்டார்ட் ஆகாத ஸ்கூட்டர் மேல் வந்த கோபம் மட்டும் வருஷக்கணக்கில் அப்படியே இருக்கிறது. வண்டியை விற்றுத் தொலைத்தாகிவிட்டது. ஆனாலும் எங்கள் ஏரியா ஆஸ்டின் டவுனில் எவனாவது ஒரு பழைய ஸ்கூட்டரைச் சாய்த்துச் சாய்த்து உதைத்துக்கொண்டிருந்தால், இறங்கிப் போய் நானும் ஒரு உதை விடலாமா என்று கால் துடிக்கிறது. (வண்டியைத்தான். சில சமயம் ஓட்டுகிறவனையும்.)

அன்றைக்கு ஆயுத பூஜை. என் தங்கை செல்வி நர்சிங் முடித்துவிட்டு, வேலை கிடைக்காமல் ஒரு வருஷம் வீட்டில் அம்மாவின் புலம்பலைக் கேட்டுக்கொண்டிருந்தவள். கடைசியில் வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் கூப்பிட்டிருந்தார்கள். விஜயதசமி காலையில் டூட்டியில் சேர வேண்டும், வராவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவோம் என்று போனிலேயே கறாராகச் சொல்லிவிட்டார்கள். கண்டோன்மென்ட் ஸ்டேஷனில் மத்தியான ரயிலைப் பிடித்தாக வேண்டும். அதை விட்டால் வேறு ரயிலில் டிக்கெட் இல்லை. லீவு நாள் பஸ்ஸில் நிற்கக்கூட இடம் கிடைக்காது.

முதல் நாளே, "கேப் புக் பண்ணிடறேன்ணா" என்றாள். எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. அப்பா இல்லாத வீடு. கூடப்பிறந்தவன் ஒருத்தன் குத்துக்கல் மாதிரி இருக்கும்போது, முதல் வேலைக்குப் போகிறவள் எவனோ ஒருவன் வண்டியில் போய் இறங்குவாளா? நான்தான் கொண்டுபோய் விடுவேன், என் வண்டிக்கு என்ன கேடு என்று கத்தினேன். என்ன கேடு என்பதை மறுநாள் தெருவே வேடிக்கை பார்த்தது.

அது சிவாஜி நகரில் செகண்ட் ஹேண்டில் வாங்கிய கியர் ஸ்கூட்டர். எனக்கு முன்னால் எத்தனை பேர் அதைத் திட்டியிருக்கிறார்களோ, கடவுளுக்குத்தான் தெரியும். பூஜையாயிற்றே என்று விடிந்ததும் பைப்பை மாட்டி, சோப்புப் போட்டு, கல்யாண மாப்பிள்ளையைக் குளிப்பாட்டுவது போலக் குளிப்பாட்டினேன். உள்ளே தண்ணீர் போய்விடக் கூடாதே என்று, கொடியில் கிடந்த ஏதோ ஒரு வெள்ளைத் துணியை உருவிச் சுருட்டி, ஸ்குரூ டிரைவரால் குத்திக் குத்திச் சைலன்சர் வாயை அடைத்தேன். (அவ்வளவு ஜாக்கிரதைக்காரன்.) பிறகு துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, செவ்வந்தி மாலை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழமும் வைத்தேன்.

உள்ளே அம்மா சாமி படத்துக்கு முன்னால் அரிவாள்மணை, கத்தரிக்கோல், செல்வியின் பிபி மிஷின், என் ஸ்பேனர் செட் எல்லாவற்றையும் வரிசையாக வைத்துப் பொட்டு வைத்துவிட்டாள். வைத்தால் வைத்ததுதான். மறுநாள் கற்பூரம் காட்டி முடிக்கிற வரை அதில் ஒன்றையும் யாரும் தொடக் கூடாது. எங்கள் வீட்டில் மட்டும் இல்லை, ஊர் முழுக்க அதுதான் சட்டம்.

இதற்கு நடுவே செல்வி வீட்டைத் தலைகீழாக்கிக்கொண்டிருந்தாள். யூனிபார்முக்கு வாங்கிய புது வெள்ளை சாக்ஸில் ஒன்றைக் காணோமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு சாக்ஸை வைத்த இடம் தெரியாத நீ, நோயாளிக்கு ஊசியை எங்கேடி குத்துவாய் என்று வாசலில் இருந்தே நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி திட்டினேன். அவள் அப்பாவின் பழைய நீலச் சாக்ஸில் ஒன்றை எடுத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டாள்.

கிளம்பும் நேரம் வந்தது. உதைத்தேன். ஒன்றும் இல்லை. சோக்கை இழுத்து உதைத்தேன். பெட்ரோல் டேப்பை ரிசர்வில் போட்டு உதைத்தேன். கார்புரேட்டருக்குப் பெட்ரோல் இறங்கட்டும் என்று வண்டியை ஒரு பக்கமாகப் படுக்கப் போட்டு, தூக்கி நிறுத்தி, மறுபடி உதைத்தேன். இருமக்கூட இல்லை. எலுமிச்சம்பழம் மட்டும் நசுங்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

இந்த ஊரில் ஒரு வண்டி நின்றுவிட்டால் போகிறவன் வருகிறவன் எல்லாம் டாக்டர். பால்காரர் நின்று, "பெட்ரோல் இதெயா?" என்றார் கன்னடத்தில். பெட்ரோல் இருக்கிறது என்றேன். எதிர் வீட்டுக்காரர் அதையே தமிழில் கேட்டார். பிறகு வந்தவர் கேட்கக்கூட இல்லை, அவராகவே டேங்க் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தத் தலையை உள்ளே வைத்தே மூடியிருப்பேன், ஓட்டை சின்னது.

சரி, பிளக்கைக் கழற்றித் துடைக்கலாம் என்றால் பிளக் ஸ்பேனர் சாமிக்கு முன்னால் இருக்கிறது. அம்மா நிலைப்படியில் நின்றுகொண்டாள். நாளைக்குத்தான் எடுக்கணும் என்றாள். அடுத்த தெரு மெக்கானிக் பாபு பாயிடம் ஓடினேன். அவர் ஷெட்டிலும் பூஜை. ஸ்பேனர், சுத்தியல், காற்றடிக்கிற மிஷின் எல்லாவற்றுக்கும் மாலை போட்டு, பாய் பொரியும் கடலையும் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார்.

"நம்ம பசங்க பூஜ பண்ணி வெச்சிட்டாங்க சார். நான் இப்ப கை வெச்சா அவங்க மனசு கஷ்டப்படும்" என்றவர், என் கையில் ஒரு பொரிப் பொட்டலத்தைத் திணித்துவிட்டு, "பெட்ரோல் இருக்கா?" என்றார்.

திரும்பி வந்தேன். பொரியைத் திண்டில் வீசினேன். அம்மாவைத் தாண்டிப் போய், மணி, விளக்கு எதையும் பார்க்காமல் ஸ்பேனரை உருவினேன். ஒரு குங்குமச் சிமிழ் கவிழ்ந்தது. அம்மா கத்தவில்லை. "சாமிகிட்டருந்து எடுத்துட்ட இல்ல? இனிமே அது ஸ்டார்ட் ஆச்சுன்னா என்னக் கேளு" என்றாள். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

பிளக்கைக் கழற்றி, உப்புத் தாளால் தேய்த்து, ஊதி, மாட்டி, உதைத்தேன். அம்மா வாக்கு பலித்தது. வியர்வையைத் துடைத்துத் துடைத்து, ஸ்பேனரில் இருந்த குங்குமம் முழுக்க என் மூஞ்சியில். செல்வி பெட்டியோடு படியில் உட்கார்ந்து போனில் கேப் தேடினாள், ஒன்றும் இல்லை. ஆட்டோக்காரர்கள் எல்லாரும் ஆட்டோவுக்கு வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். "அண்ணா, லேட்டாகுது" என்றாள். தெரியும், வாயை மூடு என்றேன்.

அப்போதுதான் மூன்றாவது வீட்டு லோகநாதன் மாமாவின் குட்டி டெம்போ, மாலையும் பலூனுமாகப் பூஜை முடிந்து முதல் ரவுண்டுக்குக் கிளம்பியது. செல்வி கையைக் காட்டி நிறுத்தினாள், பெட்டியைத் தூக்கிப் போட்டாள், முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். டெம்போ திரும்பிப் போய்விட்டது. நான் கையில் ஸ்பேனரோடு நின்றேன். அவமானம் பிடுங்கித் தின்றது.

அந்த வெறியில் ஸ்கூட்டரைத் தெருச் சரிவில் தள்ளிக்கொண்டு ஓடினேன். ஏறி, செகண்ட் கியரில் போட்டுக் கிளட்சை விட்டேன். ஒரு தரம் குலுக்கியது. அப்புறம் வெடி போட்டது மாதிரி ஒரு சத்தம். பின்னால் கரியாக ஏதோ ஒன்று பறந்து போய், வாசலில் அம்மா திருஷ்டி கழித்து உடைத்திருந்த பூசணிக்காய்க்குள் விழுந்தது. வண்டி ஓட ஆரம்பித்தது, திருப்பிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். அம்மா விளக்குமாற்றுக் குச்சியால் அதைத் தூக்கிப் பார்த்தாள்.

"டேய், இது செல்வி சாக்ஸுடா."

ஒரு நிமிஷம் எனக்கு யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. திட்ட ஆள் இல்லாத கோபம் மாதிரி கொடுமை வேறு எதுவும் கிடையாது. சாக்ஸைப் பிடுங்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் பறந்தேன். பிளாட்பாரத்தில் கால் வைக்கும்போது ரயில் நகர ஆரம்பித்துவிட்டது. குங்கும மூஞ்சியோடு ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்துக்கொண்டே ஓடினேன். ஒரு குழந்தை என்னைப் பார்த்து வீறிட்டது. செல்வி தெரிந்தாள். கம்பி வழியாகச் சாக்ஸை நீட்டினேன். வாங்கினாள், பார்த்தாள், புரிந்துகொண்டாள்.

"நான் போகக் கூடாதுன்னுதான அடச்ச?" என்று கேட்டு, அதை என் மூஞ்சியிலேயே விட்டெறிந்தாள்.

ரயில் போய்விட்டது. அவள் அழுதாளா சிரித்தாளா என்று பார்க்க முடியவில்லை, ஏனென்றால் நான் அழுதுகொண்டிருந்தேன். (புகை. சைலன்சர் புகை கண்ணில் பட்டிருந்தது.)

ஒரு காலில் வெள்ளை, ஒரு காலில் நீலம் என்று போட்டுக்கொண்டு சேர்ந்தவள், இன்றைக்கு அதே ஆஸ்பத்திரியில் ஒரு வார்டையே மிரட்டிக்கொண்டிருக்கிறாள். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு வந்துவிடுவாள். வந்ததும் ஸ்பேனருக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைச் சாக்ஸை வைத்துச் சந்தனம் குங்குமம் வைப்பாள். அம்மா அதற்கும் சேர்த்துக் கற்பூரம் காட்டுவாள். "தண்ணி போகக் கூடாதுன்னு அடச்சியா, தங்கச்சி போகக் கூடாதுன்னு அடச்சியா, உண்மையச் சொல்லு" என்று என் பெண்டாட்டிக்கு முன்னால் வைத்துக் கேட்பாள். தண்ணிதான்டி என்று நான் இன்றைக்கும் கத்துகிறேன். யாரும் நம்புவதில்லை. எனக்கே சில வருஷம் சந்தேகம் வந்துவிடுகிறது.

மறுநாள் அவள் கிளம்ப, அவளே புக் பண்ணிய கேப் வாசலில் வந்து நிற்கும். நான் குனிந்து டிரைவரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன்.

"பெட்ரோல் இதெயா?"